படுக்கை போட்ட வானில் முல்லைத்தீவுக்கு

முல்லைத்தீவுக் கடற்கரை மணலில் வான் புதைவதற்குப் பெரும்பாலும் பாரம்தான் காரணம். நாலு பேர், படுக்கைப் பலகை, காஸ், தண்ணீர், சட்டி பானை எல்லாம் ஏற்றிய ஹைஏஸ், வெறும் வானைப்போல மணலில் ஓடாது. ஆயத்தத்தைப் பாரத்திலிருந்தே தொடங்குங்கள்.

ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லீற்றர் போதும். நாலு பேருக்கு இரண்டு நாளுக்கு 40. அதை 20 லீற்றர் கான் இரண்டில் நிரப்பி, முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் நடுவே தரையோடு வைத்துக் கட்டுங்கள். ஒரே பெரிய பரலில் ஊற்றினால், பாதி குறைந்ததும் தண்ணீர் அலம்பி வளைவுகளில் வானை இழுக்கும். கூரையில் படங்கும் பாயும் மட்டும் போகட்டும். குளிக்கத் தண்ணீர் சுமக்கத் தேவையில்லை; கேட்டால் கிணற்றில் அள்ள விடாத வீடு வன்னியில் அரிது.

சமையலுக்கு 5 கிலோ சிலிண்டர் தாராளம். காஸ் காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். அதனால் அடுப்பை வெளியில் இறக்கிச் சமையுங்கள். படுக்கும்போது சிலிண்டரும் வெளியே இருக்கட்டும். ஏசிக்காக இஞ்சினை ஓடவிட்டபடி தூங்கவே கூடாது, புகையிலுள்ள நச்சுவாயு உள்ளே வந்தால் மணம்கூடத் தெரியாமல் உயிரைக் குடிக்கும். காற்றாடிக்கும் லைற்றுக்கும் தனியாக 100 அம்பியர் மணி பற்றரி ஒன்று வையுங்கள். ஈய பற்றரியில் பாதிக்குமேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். 2 அம்பியர் காற்றாடி இரண்டு, எட்டு மணித்தியாலம் ஓடினால் 32 போகும். மிச்சம் லைற்றுக்கும் போனுக்கும் காணும். பியூசைப் பற்றரியின் முனைக்குப் பக்கத்திலேயே போடுங்கள்.

மாசி முதல் புரட்டாதி வரை நல்ல காலம். ஐப்பசியில் மாரி தொடங்கினால் கடலும் கொந்தளிக்கும், கிறவல் வீதிகளும் சேறாகும். வவுனியாவில் தாங்கியை நிரப்பிக்கொண்டு ஏ9இல் மாங்குளம் வந்து, வலப்பக்கம் ஏ34இல் திரும்பினால் ஒட்டுசுட்டான், முள்ளியவளை ஊடாக ஏறத்தாழ 50 கிலோமீற்றர். மாங்குளத்துக்கும் ஒட்டுசுட்டானுக்கும் இடையில் காடு. பொழுதுபட்டால் யானை வீதிக்கு வரும். மாலை நாலு மணிக்குமுன் மாங்குளத்தைத் தாண்டப் பாருங்கள். யானை நின்றால் தூரத்திலேயே நிறுத்துங்கள், ஹோர்ன் அடிக்கவேண்டாம். யாழ்ப்பாணப் பக்கமிருந்து வருவோருக்குப் பரந்தன், விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியாக ஏ35 கிட்ட. அந்த வீதியிலுள்ள பழைய வட்டுவாகல் பாலம் ஒடுங்கியது. எதிரே வாகனம் ஏறியிருந்தால் இக்கரையில் காத்திருக்கவேண்டும். மாரியில் அதன்மேல் தண்ணீர் பாய்ந்தால் ஏ34தான் வழி. ஏ35 முள்ளிவாய்க்கால் ஊடாகப் போகிறது. 2009இல் அங்கே பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் இன்றும் அந்த வீதியோரத்தில் வாழ்கிறார்கள். மே 18ஐ ஒட்டிய நாள்களில் பாட்டுப் போட்டுக்கொண்டு உல்லாசப் பயணம் வராதீர்கள்.

வழியில் எங்கும் பற்றைக்குள் ஒதுங்கவேண்டாம். மிதிவெடி அகற்றி முடியாத இடங்கள் இன்னும் உண்டு. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை கண்டால் ஒரு அடிகூட உள்ளே வைக்காதீர்கள். மூடியுள்ள வாளியும் கொஞ்ச மரத்தூளும் வானில் இருந்தால் அவசரத்துக்கு உதவும்.

கரையில் வானை இறுகிய தரையோடு நிறுத்திவிட்டு மணலுக்கு நடந்து போங்கள். விடுதி வளவிலோ கோயில் வீதியிலோ கேட்டுவிட்டு இரவு தங்கலாம். 2004 சுனாமி வாரிச்சென்ற கரை இது. அலைக்குப் பக்கத்தில் படுக்கவேண்டாம், இருட்டிலும் உள்ளே ஓட எந்த வீதி என்று முதலே பார்த்து வையுங்கள். சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் வானின் முகம் தென்கிழக்கே இருக்கட்டும். இடப்பக்கக் கதவு கடல்பக்கம் திறக்கும், காற்று மறைவில் அடுப்பு அணையாது. மீன்வாடிகளுக்கு முன்னால் நிறுத்தினால் கரைவலைக் கயிற்றுக்கும் ரக்ரருக்கும் இடைஞ்சல். கடல் ஆழத்தை அங்குள்ள கடற்றொழிலாளரிடம் கேட்காமல் இறங்கவும் வேண்டாம்.

அப்படியும் சில்லுப் புதைந்தால் உடனே அக்சிலேற்றரை விடுங்கள். சுழலச் சுழலச் சில்லு தன் குழியைத் தானே தோண்டும். கடைசியில் அச்சு மணலில் குந்திவிடும். ஆட்களையும் தண்ணீர்க் கான்களையும் இறக்குங்கள். ரயர்களில் காற்றை 20 பிஎஸ்ஐ வரை குறைத்தால், அடி நீண்டு விரிந்து மணலைப் பரவலாக மிதிக்கும். பின்சில்லுகளுக்குப் பின்னால் இருக்கும் மணலை மண்வெட்டியால் சரிவாக வழித்து, காவோலையையோ தென்னை மட்டையையோ ரயரின் அடிவரை செருகி, வந்த தடத்திலேயே றிவேர்சில் மெதுவாக எடுங்கள். முன்னால் போய் வெளிவரலாம் என்று பார்த்தால் இன்னும் இளகிய மணலுக்குள்தான் போவீர்கள். ஜக் வைக்க ஒரு அடிச் சதுரப் பலகை கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் வான் எழும்பாது, ஜக்தான் மணலுக்குள் இறங்கும். தார் வீதி ஏறுமுன் 12 வோல்ற் பம்பால் காற்றை நிரப்புங்கள். குறைந்த காற்றோடு வேகமாக ஓடினால் ரயர் சூடேறி வெடிக்கும்.

வீடு திரும்பிய அன்றே அடிப்பக்கம், சில்லு வளைவு, பிரேக் குழாய், கதவின் கீழ்விளிம்பு எல்லாவற்றையும் நன்னீரால் அடித்துக் கழுவுங்கள். உப்பும் ஈர மணலும் சேர்ந்து தங்குமிடத்தில்தான் துரு முதலில் பிடிக்கும். வழியில் குளத்துக்குள் இறக்கிக் கழுவவேண்டாம், அந்தத் தண்ணீரில்தான் வயல் விளைகிறது.