ஊட்டிக் குளிருக்கு ஹாட் அண்ட் கோல்டு ஏசி: சின்ன அறைக்கு வாங்குவதும் மாட்டுவதும்

டிசம்பர், ஜனவரியில் ஊட்டி அருகே தலைக்குந்தா பக்கம் புல் மேல் உறைபனி படியும். அந்த மாதிரி இரவுகளில் கதவு ஜன்னலை அடைத்து, அறைக்குள் கரி அடுப்பு வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்காமலே போயிருக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. வேறு எது செய்தாலும் சரி, அதை மட்டும் செய்யாதீர்கள்.

ஹாட் அண்ட் கோல்டு ஏசி வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை எடுத்து உள்ளே தள்ளும். 2000 வாட் ரூம் ஹீட்டர் தருவது 2000 வாட் வெப்பம்தான். இதுவோ 1000 வாட் மின்சாரத்தில் ஏறக்குறைய 3000 வாட் தரும். வெளியே குளிர் கூடக்கூட அது குறையும்.

முதலில் அறையைப் பாருங்கள். பலகைச் சுவர், தகரக் கூரை என்றால் இடுக்குகளை அடைத்து, கீழே சீலிங் போட்ட பிறகே கடைக்குப் போங்கள். பத்துக்குப் பத்து அறைக்கு 1 டன் இன்வெர்ட்டர் ஏசி போதும். சாதாரண ஏசி சூடு தராது என்பதால் கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: சூடாக்கும் திறன் எத்தனை வாட்? வெளியே எத்தனை டிகிரி வரை ஓடும்? ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்று மெல்லியது, ஃபேன் அள்ளும் வெப்பமும் குறைவு. அதனால் 0.8 டன் பக்கம் போகாதீர்கள்.

அவுட்டோர் யூனிட்டைத் தரையிலிருந்து ஓரடியாவது தூக்கி, ஸ்டாண்டில் வையுங்கள். சூடாக ஓடும்போது தண்ணீர் அதிலிருந்துதான் சொட்டும்; நடைபாதைக்கு மேலே வேண்டாம். குழாயைச் சுற்றிய கறுப்பு ஸ்பாஞ்சை குரங்கு பிய்க்கும், மேலே பிவிசி பைப் போட்டு மூடிவிடுங்கள்.

இனி வருவதை மெக்கானிக் வந்ததும் அவரிடம் சொல்லுங்கள். அவுட்டோர் யூனிட்டில் இருக்கும் கேஸைத் திறந்துவிடும் முன் வேக்கம் பம்ப் போட்டு, குழாயில் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச வேண்டும். எங்கள் வீட்டுக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்தவர் ஒரு மணி நேரம் பம்ப்பை ஓடவிட்டார். வேக்கத்தைப் பாதரச அங்குலத்தில் காட்டும் கேஜின் முள் 23 அங்குலத்தைத் தாண்டவில்லை. லீக் என்று நினைத்து, நன்றாக இருந்த ஃப்ளேர் இணைப்பை (குழாய் முனையை விரித்து நட்டால் இறுக்குவது) வெட்டி மறுபடி போட்டார். மறுபடியும் 23. லீக்கே இல்லை! அந்த கேஜ் வெளிக்காற்றின் அழுத்தத்தோடு ஒப்பிட்டுத்தான் காட்டும். கடற்கரையில் முழு வேக்கம் ஏறக்குறைய 30 அங்குலம். ஊட்டியில் வெளி அழுத்தமே 23 அங்குலத்துக்குப் பக்கம்தான். அதற்கு மேல் முள் எப்படிப் போகும்? வெளி அழுத்தத்தோடு ஒப்பிடாமல், குழாயில் மிஞ்சிய அழுத்தத்தையே நுணுக்கமாக அளக்கும் மைக்ரான் கேஜ் இருந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள். 500 மைக்ரானுக்குக் கீழே வந்ததும் பம்ப்பை நிறுத்திப் பத்து நிமிடம் பார்க்க வேண்டும். அளவு விறுவிறுவென ஏறிக்கொண்டே போனால்தான் லீக். கேஸ் சேர்க்க வேண்டி வந்தால் தராசில் எடை பார்த்துத்தான் சேர்க்க வேண்டும்.

கரண்டுக்குத் தனி எம்சிபி (லோடு கூடினால் தானே விழும் சுவிட்ச்), நல்ல எர்த். வோல்டேஜ் ஆடும் ஊர் என்றால் ஸ்டெபிலைசரும்.

ஓடவிடும்போது 22 டிகிரி வைத்து, காற்று வரும் மடலைக் கீழ்நோக்கித் திருப்புங்கள். சூடான காற்று மேலேதான் ஏறும். காயில் சூடாகும் வரை உள் ஃபேன் சில நிமிடம் சும்மா இருக்கும். கடுங்குளிரில் நடுவில் ஒருமுறை நின்று, வெளி யூனிட்டிலிருந்து புகை போல ஆவி வரும். அது படிந்த பனியைத் தானே உருக்கிக்கொள்கிறது. பயந்து ஆஃப் செய்யாதீர்கள், கொஞ்ச நேரத்தில் மறுபடி சூடு வரும்.