தெருவுக்குப் பொதுவாக ஒரு தோட்டம்: ஆள் சேர்ப்பதிலிருந்து முதல் அறுவடை வரை

நான் முதலில் சேர்ந்த கூட்டுத் தோட்டம் ஐந்தாவது மாதத்தில் காய்ந்துபோனது. நல்ல மண். வெயிலுக்கும் தண்ணீருக்கும் குறையில்லை. விடுமுறை வந்தது, பாதிப் பேர் ஊருக்குப் போனார்கள். அவர் ஊற்றுவார் என்று இவரும், இவர் ஊற்றுவார் என்று அவரும் இருந்துவிட்டோம். பத்தே நாளில், காய்த்துக்கொண்டிருந்த வெண்டைச் செடிகள் வெறும் குச்சிகளாக நின்றன. அதைப் பார்த்தபோது மனசு கிடந்து அடித்துக்கொண்டது இன்னும் மறக்கவில்லை.

அடுத்த தோட்டத்தில் வேலையின் வரிசையை மாற்றினோம். முதலில் ஆட்கள், அப்புறம் இடம், அதற்கப்புறம்தான் மண். அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

1. ஐந்தாறு வீடுகள் போதும்

தெரு முழுவதையும் சேர்க்க நினைக்காதீர்கள். ஐந்திலிருந்து எட்டு வீடுகள் வரை இருந்தால் நிம்மதியாகத் தொடங்கலாம். வாட்ஸ்அப் குழுவில் அழைப்பு போட்டால் முப்பது பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்கள், மண்வெட்டியோடு வருவது நான்கு பேர்தான். அதனால் நேரில் போய்க் கேளுங்கள். வாரத்தில் எத்தனை மணி நேரம் வர முடியும், எந்தெந்த மாதம் ஊரில் இருக்க மாட்டார்கள், என்ன வளர்க்க ஆசை. இந்த மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து, வீட்டுக்கு ஒரு பாத்தியா, எல்லாமே பொதுவா என்று முடிவு செய்ய வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு என் யோசனை இரண்டும் கலந்தது: வீட்டுக்கு ஒரு பாத்தி, எல்லோருக்கும் பொதுவாக ஒன்றோ இரண்டோ பாத்தி. கருவிகள், தண்ணீர், உரக்குவியல் எல்லாம் பொது. தன் பாத்தி என்று ஒன்று இருந்தால் தினமும் எட்டிப் பார்க்கத் தோன்றும். பொதுப் பாத்தியில்தான் பேச்சும் பழக்கமும் வளரும்.

விதிகளை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். காடு, மேய்ச்சல் நிலம், பாசனம் போன்ற பொதுச் சொத்துகளை மக்கள் தாங்களே எப்படிக் கெடாமல் காத்து வருகிறார்கள் என்று ஆராய்ந்தவர் எலினோர் ஆஸ்ட்ரம். 2009-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார், அதைப் பெற்ற முதல் பெண்ணும் அவர்தான். நீண்ட நாள் நிலைத்த ஏற்பாடுகளில் அவர் கண்ட பொது அம்சங்கள் சில நமக்கு அப்படியே பொருந்தும்: யார் உறுப்பினர் என்பது தெளிவாக இருக்க வேண்டும், விதிகளுக்குக் கட்டுப்படுபவர்களே அவற்றை வகுக்க வேண்டும், தவறுக்கு முதலில் சின்னக் கண்டிப்பு, திரும்பத் திரும்ப நடந்தால்தான் பெரியது. எங்கள் தோட்டத்தில் இது இப்படி ஆயிற்று: இரண்டு வாரம் பாத்தி கவனிப்பில்லாமல் கிடந்தால் ஒரு போன், நான்கு வாரமானால் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள், ஆறு வாரமானால் காத்திருக்கும் அடுத்த வீட்டுக்குப் போகும். உடம்பு சரியில்லை, வீட்டில் விசேஷம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் இந்தக் கணக்கு கிடையாது.

2. இடம்

நிலம் யாருடையதோ அவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மூன்று ஆண்டுகளுக்காவது கேளுங்கள், மண் பக்குவப்பட அவ்வளவு காலம் வேண்டும். தோண்டுவதற்கு முன் கீழே குழாயோ மின்கம்பியோ போகிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

வெயிலைக் கண்ணால் பார்த்து நம்ப வேண்டும், ஊகிக்கக் கூடாது. ஒரே நாளில் காலை 9, நண்பகல் 12, பிற்பகல் 3 மணிக்குப் போய், நிழல் விழும் கோட்டைக் குச்சி நட்டுக் குறித்து வையுங்கள். தக்காளி, வெண்டை, கத்தரி போலக் காய்ப்பவற்றுக்கு 6 மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். கீரை வகைகள் 4 மணி நேரத்திலேயே சமாளித்துக்கொள்ளும். பருவம் மாறினால் நிழலும் நகரும் என்பதை மறக்க வேண்டாம்.

அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்றும் கேளுங்கள். பழைய கட்டடத்தை இடித்த இடம், வண்டி பழுது பார்த்த இடம், பெரிய சாலையோரம் என்றால் மண்ணில் ஈயம் இருக்கலாம். பெயின்ட்டிலும் பெட்ரோலிலும் பல ஆண்டுகள் ஈயம் கலந்திருந்தது, மண்ணில் சேர்ந்த ஈயம் தானாகப் போகாது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் பொருள் அது. இந்த ஒரு விஷயத்தில் சிக்கனம் பார்க்காமல் ஆய்வகத்தில் மண்ணைச் சோதித்துவிடுங்கள். சந்தேகம் தீரவில்லையென்றால் வெளியிலிருந்து நல்ல மண் கொண்டுவந்து, சுற்றிலும் பலகை அடித்துத் தரைக்கு மேல் உயர்த்திய மேட்டுப்பாத்தி போடலாம், அல்லது வேறு இடம் தேடலாம்.

3. மண்ணைக் கையில் எடுத்துப் பாருங்கள்

இதற்கு மட்டும் ஒரு முழு நாள் ஒதுக்குங்கள், குழந்தைகளையும் கூப்பிடுங்கள். மூடியுள்ள கண்ணாடி ஜாடி ஒன்றை எடுங்கள். மேல் மண்ணை விலக்கிவிட்டு அரை அடி ஆழத்திலிருந்து மண் எடுத்து, கல், வேர் எல்லாம் நீக்கி ஜாடியில் மூன்றில் ஒரு பங்கு போடுங்கள். தண்ணீரை நிரப்பி, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டு ஐந்து நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். கீழே வைத்ததும் மணல் சரசரவென்று இறங்கும். ஒரு நிமிடத்தில் அந்த மட்டத்தில் பேனாவால் கோடு போடுங்கள். இரண்டு மணி நேரத்தில் அதன்மேல் வண்டல் படிந்திருக்கும், இன்னொரு கோடு. களிமண் படிய ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். தண்ணீர் தெளிந்ததும் மூன்று அடுக்கும் தனித்தனியாகத் தெரியும். மணலும் வண்டலும் ஏறக்குறைய சமமாகவும் களிமண் ஐந்தில் ஒரு பங்காகவும் இருந்தால் யோகம்தான். மணல் மிகுந்தால் தண்ணீர் நிற்காது, களி மிகுந்தால் வடியாது. இரண்டுக்குமே மருந்து ஒன்று: மக்கிய உரம்.

வடிகால் சோதனை இன்னும் எளிது. ஓரடி ஆழக் குழி வெட்டி, தண்ணீர் ஊற்றி வடியவிட்டு, மீண்டும் நிரப்புங்கள். மணிக்கு ஓரிரு அங்குலம் இறங்கினால் நல்லது. அரை அங்குலம்கூட இறங்காவிட்டால் வேர் அழுகும், மேட்டுப்பாத்திதான் வழி.

4. பாத்தி

அகலம் 4 அடிக்கு மேல் வேண்டாம். இரு பக்கமும் நின்று கை நீட்டினால் நடுப்பகுதி எட்ட வேண்டும், பாத்திக்குள் கால் வைத்தால் மண் இறுகிவிடும். சுவரை ஒட்டிய பாத்தி என்றால் 2 அடி. நீளம் 8 அடி, உயரம் ஓரடி என்று வைத்தால் ஒரு மேட்டுப்பாத்திக்கு ஏறக்குறைய 900 லிட்டர் மண் பிடிக்கும், அதாவது பத்து லிட்டர் வாளியில் 90 வாளி. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் பலகையை அடித்துவிட்டு அரைப் பாத்தியோடு நிற்பவர்கள் அதிகம். இரண்டு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மக்கிய உரம் கலந்தால் போதும். பழைய ரயில் பாதைக் கட்டைகளை வாங்காதீர்கள், அவற்றில் ஊறியிருக்கும் எண்ணெய் உணவுப்பயிருக்கு ஆகாது.

நடைபாதை 2 அடி. ஒரே ஒரு பாதையாவது 4 அடி அகலமாக இருக்கட்டும், தள்ளுவண்டியும் சக்கர நாற்காலியும் போகும். முடிந்தால் ஒரு பாத்தியை இரண்டரை அடி உயரத்துக்குக் கட்டுங்கள். குனிய முடியாத பெரியவர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்தே களை எடுக்கலாம். எங்கள் தோட்டத்தில் அந்தப் பாத்தியில்தான் ஒரு களைகூட இருக்காது.

5. நீர்முறை

கூட்டுத் தோட்டம் நிற்பதும் விழுவதும் இங்கேதான். காய்கறிப் பாத்திக்கு வாரம் 25 மில்லிமீட்டர் மழைக்கு ஈடான தண்ணீர் வேண்டும் என்பது பொதுக் கணக்கு, சதுர மீட்டருக்கு 25 லிட்டர். 4-க்கு 8 அடிப் பாத்தி ஏறக்குறைய 3 சதுர மீட்டர், ஆக வாரம் 75 லிட்டர். ஆறு பாத்திக்கு 450. கடும் வெயிலில் இது இரண்டு மடங்காகலாம். குழாய் எங்கே, ரப்பர் குழாய் கடைசிப் பாத்தி வரை எட்டுமா என்று இப்போதே பாருங்கள். பூவாளியில் சுமந்தே சமாளிக்கலாம் என்ற உற்சாகம் மூன்று வாரம்தான் தாங்கும்.

வாரத்தின் ஏழு நாளையும் வீடுகளுக்குப் பிரித்துக் கொடுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மாற்று வீடு உண்டு. வர முடியாதவர், மாற்று வீட்டாரிடம் 'இன்று நீங்கள்' என்று சொல்லி, அவர் 'சரி' என்று வாயால் சொன்ன பிறகுதான் தன் முறையிலிருந்து விடுபடுவார். குழுவில் பொதுவாக எழுதிப்போட்டால் கணக்கில் சேராது. வேண்டியதைக் கேட்கும் தயக்கம் இதனால் மெல்லப் போய்விடும்.

ஊற்றுவதற்கு முன் ஆள்காட்டி விரலை இரண்டாம் கணு வரை மண்ணில் விட்டுப் பாருங்கள். விரல் நுனியில் ஈரம் ஒட்டினால் அன்று தண்ணீர் வேண்டாம். ஊற்றினால் காலையில், வேரடியில், ஆழமாக. செடிகளைச் சுற்றிச் சருகோ வைக்கோலோ இரண்டு மூன்று அங்குலம் மூடாக்குப் போட்டால் ஈரம் வெகுநேரம் நிற்கும், களையும் குறையும்.

6. முதல் பயிர்

சீக்கிரம் கைக்கு வருவதை முதலில் விதையுங்கள். முள்ளங்கி 25-30 நாள், கீரை மூன்று நான்கு வாரம். முதல் மாதத்திலேயே ஒரு கட்டுக் கீரை வீட்டுக்குப் போனால் ஆள் விலக மாட்டார்கள். பீன்ஸ், வெண்டை எல்லாம் ஏறக்குறைய இரண்டு மாதம். தக்காளிக்கு நாற்று நட்டதிலிருந்து இரண்டு மாதத்துக்கு மேல். விதையின் பருமனைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழம் போதும், அதற்குக் கீழே புதைத்தால் முளை மேலே வரத் திணறும். புதினாவைத் தொட்டியில் வையுங்கள், பாத்தியில் விட்டால் பக்கத்து வீட்டுப் பாத்தியையும் பிடித்துக்கொள்ளும்.

பூச்சி விஷயத்தில் ஒரே விதி: யாரும் தன் பாத்திக்குத் தானே மருந்தடிக்கக் கூடாது. காற்றில் அது எல்லார் கீரைக்கும் போகும். சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சியான அசுவினி இலையடியில் அப்பியிருந்தால் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடியுங்கள், பெரும்பாலும் அதுவே போதும்.

7. உரக்குவியல்

மூன்றடி நீள அகல உயரம். பச்சைக் கழிவு ஒரு பங்குக்குக் காய்ந்த சருகு இரண்டு மூன்று பங்கு. நாற்றம் அடித்தால் சருகு குறைவு என்று அர்த்தம், சேர்த்துக் கிளறிவிடுங்கள். சமைத்த உணவும் இறைச்சியும் கண்டிப்பாக வேண்டாம். எலி வந்தால் தோட்டத்தில் சேராத அக்கம்பக்கத்தாருக்குத்தான் முதல் தொல்லை.

அவர்களுக்காகவும் ஒன்று செய்யுங்கள். வேலியோரப் பாத்தியைப் பொதுப் பாத்தியாக்கி, 'வேண்டியதைப் பறித்துக்கொள்ளலாம்' என்று ஒரு பலகை வையுங்கள். எங்கள் பாத்திகளில் தக்காளி திருட்டு அதோடு நின்றது. அங்கே பறிக்க வந்தவர்களில் இரண்டு வீட்டார் இப்போது செவ்வாய்க்கிழமை நீர்முறையில் இருக்கிறார்கள்.

பருவம் முடிந்ததும் பாத்தியை வெறுமனே போட்டுவிடாதீர்கள். தட்டைப்பயறு நெருக்கமாக விதைத்து, பூ விடும் நேரத்தில் வெட்டி அப்படியே மண்ணில் மடக்கிவிடுங்கள். இரண்டு மூன்று வாரம் மக்கட்டும். அதற்குள் எல்லோரும் நோட்டோடு ஒருநாள் உட்கார்ந்து, புதுப் பாத்தி சேர்ப்பதா வேண்டாமா என்று பேசிவிடலாம்.