கடலூருக்கு ஒரு சகோதர நகரம்: எங்கிருந்து தொடங்குவது?

கடலூருக்கு வெளிநாட்டில் ஒரு சகோதர நகரம், அதாவது நட்பு ஒப்பந்தம் போட்டுப் பழகும் ஊர், வேண்டும் என்று நான் பேச்செடுத்தாலே, "மேயர்கிட்ட மனு கொடுத்துடலாமாக்கா?" என்கிறார்கள். மனு கடைசியில்தான். முதலில் ஊரைத் தேடுங்கள்.

சரித்திரத்தைப் பிடித்துக்கொண்டு போகலாம். 1783 ஜூன் 20 அன்று நம் கடலில் ஆங்கிலேயரோடு மோதிய பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரெனுக்கு, பிரான்சின் சான் த்ரோப்பே துறைமுகத்தில் சிலை இருக்கிறது. முதல் கடிதத்துக்கு அருமையான விஷயம். ஆனால் அது இன்று பணக்காரர்கள் உல்லாசப் படகில் வந்திறங்கும் ஊர். நம் கடலூர் முதுநகர் மீனவருக்கும் அவர்களுக்கும் இரண்டாவது கடிதத்தில் என்ன பேச்சு இருக்கும்?

ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகம் வைத்திருக்கும் சின்ன ஊராகப் பாருங்கள் என்பேன். உப்பனாறு கடலில் சேரும் இடத்தில் மணல் சேர்ந்து படகு தரைதட்டுவது நமக்குத் தீராத தலைவலி. அங்கே எப்படித் தூர்வாருகிறார்கள், செலவு யாருடையது என்று கேளுங்கள். பேச்சு வருஷக்கணக்கில் ஓடும். 2004 சுனாமி, 2011 தானே புயல் என்று நம்மிடமும் சொல்ல நிறைய இருக்கிறது.

அந்த ஊர் நகராட்சிக்கு மட்டும் எழுதாமல் நூலகம், பள்ளி, மீனவர் சங்கத்துக்கும் எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். பதில் வந்தால் வீடியோ அழைப்பை மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14-க்குள் வையுங்கள். விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும், ஆட்கள் இருப்பார்கள். பிரான்ஸ் என்றால் நமக்கு மாலை ஐந்து, அவர்களுக்குப் பகல் ஒன்றரை. மேடை, சால்வை எதுவும் வேண்டாம். மடியில் கிழிந்த வலையும் கையில் ஊசியுமாக உட்கார்ந்திருப்பவர் முன்னால் போனை நீட்டுங்கள். அவர் முடிச்சுப் போடுவதைப் பார்த்தாலே அங்குள்ள வலைக்காரருக்குக் கேள்வி வரும். பிரெஞ்சு பேசுகிறவர்களுக்குப் புதுச்சேரி பக்கத்திலேயே இருக்கிறது.

இப்படி ஒரு வருஷமாவது ஓடிய பிறகு மனு. கடலூர் 2021-இல் மாநகராட்சியாகிவிட்டதால் மாமன்றத் தீர்மானமும் மேயர் கையெழுத்தும் நம்மூரிலேயே ஆகும். ஆனாலும் வெளிநாட்டு ஒப்பந்தம். மாநில அரசு வழியாக வெளியுறவு அமைச்சகம் வரை கோப்பு போகவேண்டும். அமெரிக்க ஊர் என்றால், அமெரிக்க அதிபர் ஐசனோவர் 1956-இல் தொடங்கிவைத்த சிஸ்டர் சிட்டீஸ் இன்டர்நேஷனல் அமைப்பின் நடைமுறையையும் பாருங்கள்; சென்னைக்கும் டென்வருக்கும் 1984-இலிருந்தே இந்த உறவு உண்டு.

பணத்தில் மட்டும் மிக ஜாக்கிரதை. அவர்கள் அன்பாக அனுப்பினாலும், 2010 வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத சங்கம் வாங்கக்கூடாது. அவரவர் செலவு அவரவருக்கு என்று முதல் வீடியோ அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள்.