ரோசாக் கன்றுகளில் சிற்றுண்ணியை அடக்க இரைகௌவிச் சிற்றுண்ணி: தொடங்குவோருக்கான செய்முறை

சோளகம் வீசத் தொடங்கியதும் யாழ்ப்பாணத்துப் பூங்கன்று நாற்றுமேடைகளில் ரோசா, செவ்வரத்தை, குரோட்டன் இலைகள் ஊசியால் குத்தியதுபோல் வெளிறிப் புள்ளிபட்டு, பின்னர் காய்ந்து உதிர்வதைக் கண்டிருப்பீர்கள். இது இலைச்சாற்றை உறிஞ்சும் மிகச் சிறிய உயிரியான சிலந்திச் சிற்றுண்ணியின் வேலை. 30 பாகை செல்சியசை அண்டிய வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு வாரத்திலேயே அதன் முட்டை முதிர்ந்த உயிரியாகிவிடும். அதனைத் தின்று வாழும் இரைகௌவிச் சிற்றுண்ணிகள் நமது வளவுகளிலேயே உள்ளன.

இரைகௌவிகளை விட்டுப் பீடையை அடக்கும் இந்த வழி இலங்கைக்குப் புதியதன்று. 1990களின் இறுதியில் கற்பிட்டியில் தென்னைச் சிற்றுண்ணி கண்டறியப்பட்ட பின்னர், லுணுவிலையிலுள்ள தென்னை ஆராய்ச்சி நிறுவகம் இரைகௌவிச் சிற்றுண்ணிகளைப் பெருக்கித் தோட்டங்களில் விடுவித்தது. ஆயினும் தென்னைக்கு உதவும் அந்த இனத்தை ரோசாவுக்குக் கொண்டுவருவதில் பயனில்லை.

முதலில் மருந்து விசிறுவதை நிறுத்துங்கள். தொடக்க காலத்தில் நான் பைரித்ரொயிட்டு வகைப் பூச்சிகொல்லி மருந்தை வாராவாரம் விசிறினேன். இரைகௌவிகள் மடிந்தன, சிற்றுண்ணியோ முன்னிலும் பெருகியது. அத்தகைய மருந்தின் எச்சம் இலையில் பல வாரங்கள் தங்கக்கூடும் என்பதால், அண்மையில் விசிறிய கன்றுகளில் இரைகௌவிகளை விடாதீர்கள்.

அடுத்து, பத்து மடங்கு பெருப்பிக்கும் கைவில்லையால் இலையின் அடிப்புறத்தைப் பாருங்கள். பயிரை உறிஞ்சும் சிற்றுண்ணி உடலில் இரு கரும்புள்ளிகளுடன் மெல்ல ஊரும். அதன் முட்டை முத்துப்போல் உருண்டையாக, அது பின்னும் நூலிழைகளுக்கிடையே கிடக்கும். இரைகௌவி பேரிக்காய் வடிவில் மினுங்கும், புள்ளிகள் இரா, வெளிச்சம் பட்டதும் விரைந்து ஓடும். அதன் முட்டை நீள்வட்டமானது, சற்றுப் பெரியது. இந்த வேறுபாடு கண்ணுக்குப் பழகும்வரை மேற்கொண்டு செல்லாதிருப்பதே நல்லது.

மருந்து படாத மரவள்ளி, ஆமணக்கு, பப்பாசி ஆகியவற்றில், சிற்றுண்ணி தாக்கிய இலைகளைக் காலையில் தேடுங்கள். இரைகௌவிகள் மிகுந்தும் சிற்றுண்ணிகள் அருகியும் உள்ள இலைகளை மட்டும் பறித்துக் கடதாசிப் பையில் இடுங்கள். வெண்மூட்டுப்பூச்சி ஒட்டிய இலையை அறவே தவிருங்கள். பறித்த இலைகளை நிழலில் வைத்து, அன்று மாலையே கன்றுகளுக்கு மாற்றிவிடுங்கள்.

விடுவதற்கு முந்திய நாள், கன்றுகளின் இலை அடிப்புறங்களை நீரால் நன்கு கழுவி, சிற்றுண்ணியின் நூல் படர்ந்து மூடிய கிளைகளை வெட்டி அகற்றுங்கள். இரைகௌவிகளுக்குச் சிறகில்லை, ஆகவே சட்டிகளை இலைகள் ஒன்றோடொன்று தொடும்படி நெருக்கி வையுங்கள். உலர்ந்த காற்றில் அவற்றின் முட்டைகள் வற்றிவிடும் என்பதால், நிழல் வலையின் கீழ் நிலமணலை நாளும் ஈரமாக்குவது மிக முக்கியம். பத்துச் சிற்றுண்ணிக்கு ஓர் இரைகௌவி என்ற அளவில், ஏற்கெனவே தாக்கப்பட்ட கன்றுகளில் மட்டும் இலைகளைச் செருகுங்கள். கொண்டுவரும் இலையில் பீடையின் முட்டையும் இருக்கக்கூடுமாதலால், நலமான கன்றை அது தொடலாகாது.

பின்னர் வாரம் ஒருமுறை, நூல் கட்டி அடையாளமிட்ட அதே இலைகளைக் கைவில்லையால் பாருங்கள். இரண்டு, மூன்று வாரங்களில் உருண்டை முட்டைகள் குறைந்து, வெறுங்கோதுகள் மிகுந்திருந்தால் இரைகௌவிகள் நிலைகொண்டுவிட்டன எனக் கொள்ளலாம். வெளிறிய பழைய இலைகள் மீண்டும் பச்சையாகமாட்டா. புதிதாக விரியும் தளிர் புள்ளியின்றி வருகிறதா என்பதையே கவனியுங்கள்.