ஆண்ட்ராய்டு 16-க்கு உங்கள் தமிழ் ஆப்பை மாற்றுவது எப்படி

ஆண்ட்ராய்டு 16 வெளிவந்தது 2025 ஜூன் 10-ல். அதில் வந்த புதிய வசதிகளைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது, ஆனால் தமிழில் எழுத்து காட்டுகிற ஆப் வைத்திருப்பவர்களுக்கு அதில் ஒரு தனிச் செய்தி இருக்கிறது, அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். உங்கள் ஆப்பின் டார்கெட் எஸ்டிகே (ஆப் எந்த ஆண்ட்ராய்டு பதிப்பின் நடத்தைக்கு ஏற்றது என்று சொல்லும் எண்; ஆண்ட்ராய்டு 15-க்கு 35, 16-க்கு 36) 36 ஆனதும், தமிழ் எழுத்து ஒரு வரியில் எடுத்துக்கொள்கிற உயரம் மாறலாம். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்த்துவிட்டு வெளியிட்டால் உங்களுக்குத் தெரியவே தெரியாது, தமிழில் பயன்படுத்துகிறவர்தான் பட்டனில் பாதி வெட்டுப்பட்ட எழுத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

தள்ளிப்போடவும் முடியாது. கூகுள் ப்ளே ஆண்டுதோறும் ஆகஸ்ட் 31-ஐ ஒட்டி டார்கெட் எஸ்டிகேயின் குறைந்தபட்ச எண்ணை ஏற்றிக்கொண்டே வருகிறது. 2025 ஆகஸ்டில் அது 35 ஆனது. அந்த எண்ணுக்குக் கீழே இருந்தால் புதிய ஆப்பும் ஏற்ற முடியாது, பழைய ஆப்புக்கு அப்டேட்டும் கொடுக்க முடியாது.

முதல் வேலை, கம்பைல் எஸ்டிகேயை மட்டும் 36-க்கு உயர்த்துங்கள், டார்கெட்டைத் தொடாதீர்கள். கம்பைல் எண் என்பது எந்தப் புதிய ஏபிஐகளை (சிஸ்டம் தருகிற ஃபங்ஷன்களை) உங்கள் கோடில் அழைக்கலாம் என்பதற்கு மட்டும்தான். ஆப்பின் நடத்தையை மாற்றுவது டார்கெட் எண். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது எதனால் உடைந்தது என்று தேடியே நேரம் போய்விடும்.

அடுத்து, ஒரு சோதனை போனில் டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்துகொள்ளுங்கள் (அபௌட் போனில் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டினால் வரும், இது பலருக்கும் தெரிந்ததுதான்). அதற்குள் ஆப் கம்பாட்டிபிலிட்டி சேஞ்சஸ் என்று ஒரு பக்கம் இருக்கிறது. நிறையப் பேர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், எனக்கு இந்தப் பட்டியலிலேயே மிகவும் பயனுள்ள இடம் இதுதான். டீபக் பில்டாக (சோதனைக்கான பதிப்பாக) நிறுவிய உங்கள் ஆப்பை அங்கே தேர்ந்தெடுத்தால், டார்கெட் எண்ணை உயர்த்தினால் எந்தெந்த மாற்றங்கள் செயலுக்கு வருமோ அவை வரிசையாகத் தெரியும், ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஆன் செய்து பார்க்கலாம். கோடில் ஒரு வரிகூட மாற்றாமல், இந்த மாற்றத்தால் என் ஆப்பில் என்ன ஆகிறது என்று பார்த்துவிட முடியும்.

இப்போது எழுத்து உயரம். ஆண்ட்ராய்டில் தமிழுக்கும் இன்னும் சில எழுத்துமுறைகளுக்கும் இரண்டு வகை எழுத்துருக்கள் இருந்தன. ஒன்று இயல்பான உயரத்தில் படிக்க வசதியாக இருப்பது, இன்னொன்று ஆங்கில எழுத்துக்கு அளவெடுத்த குறுகிய இடத்துக்குள் அடங்கும்படி மேலும் கீழும் ஒடுக்கிய வடிவம். எழுத்தைத் திரையில் காட்டுகிற டெக்ஸ்ட்வியூவில் எலிகன்ட் டெக்ஸ்ட் ஹைட் என்ற பண்பு இதில் எதைக் காட்டுவது என்று முடிவு செய்யும். பழைய லேஅவுட்டுகள் உடையக்கூடாது என்பதற்காக இத்தனை வருடமும் அது ஆஃபில் இருந்தது. ஆண்ட்ராய்டு 15-ஐ டார்கெட் செய்தால் அது தானாக ஆன் ஆகிவிடும், வேண்டாம் என்றால் நீங்கள் அணைத்துக்கொள்ளலாம். 16-ஐ டார்கெட் செய்தால் அணைக்கும் வழியும் இல்லை, நீங்கள் என்ன எழுதி வைத்திருந்தாலும் சிஸ்டம் அதைக் கண்டுகொள்ளாது. அந்த ஒடுக்கிய எழுத்துருக்களையே நிறுத்துகிறார்கள். தமிழோடு தெலுங்கு, கன்னடம், மலையாளம், குஜராத்தி, ஒடியா, அரபு, தாய், லாவோ, பர்மிய எழுத்துகளும் இதே பட்டியலில் இருக்கின்றன.

என் பார்வையில் இது நல்ல மாற்றம். தமிழ் எழுத்துக்கு மேலே புள்ளியும் கொக்கியும் கீழே உகர வளைவுகளும் உண்டு, அதற்கு வேண்டிய இடத்தைக் கொடுப்பதுதான் நியாயம். ஆனால் உங்கள் லேஅவுட்டில் அந்த இடம் இருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் பொறுப்பு.

செய்ய வேண்டியது இதுதான். ப்ராஜெக்ட் முழுக்க, உயரத்தை டிபி (திரையில் அளவு சொல்லும் நிலையான அலகு) கணக்கில் கட்டிப்போட்ட இடங்களைத் தேடுங்கள். பட்டன், சிப், டூல்பார் தலைப்பு, கீழே இருக்கும் டேப் பெயர்கள், பட்டியலின் ஒவ்வொரு வரிசை, விட்ஜெட், இவைதான் பெரும்பாலும் சிக்கும். எழுத்து இருக்கிற எதற்கும் நிலையான உயரம் வேண்டாம், ராப் கன்டென்ட் (உள்ளே இருப்பதற்கேற்ப வளரும் உயரம்) கொடுத்து மினிமம் ஹைட்டை மட்டும் வையுங்கள். ஃபான்ட் பேடிங்கை (எழுத்துக்கு மேலும் கீழும் விடும் கூடுதல் இடத்தை) ஆஃப் செய்து வைத்திருந்தால் அந்த இடங்களைத் தனியாகக் குறித்து வைத்துப் பாருங்கள், மேல் புள்ளி முதலில் காணாமல் போவது அங்கேதான். லைன் ஹைட்டை டிபியில் கொடுத்திருந்தால் எஸ்பிக்கு (பயனர் வைக்கும் எழுத்தளவோடு சேர்ந்து மாறும் அலகுக்கு) மாற்றுங்கள், ஏனென்றால் ஆண்ட்ராய்டு 14 முதல் பயனர் எழுத்தை 200 சதவீதம் வரை பெரிதாக்கிக்கொள்ள முடியும், எழுத்து வளர்ந்து வரி உயரம் வளராமல் நின்றால் ஒரு வரியின் உகரம் அடுத்த வரியின் இகரத்தோடு போய் இடிக்கும்.

சொந்த எழுத்துருவை ஆப்போடு சேர்த்து அனுப்புகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அந்த எழுத்துருவில் தமிழ் எழுத்துகள் இருந்தால் அதன் அளவுகள்தான் செல்லும். அழகாக இருக்கிறது என்று ஆங்கிலம் மட்டும் உள்ள எழுத்துருவைச் சேர்த்திருந்தால் தமிழ் வரும்போது சிஸ்டம் எழுத்துருவுக்குத்தான் போகும், அப்போது மேலே சொன்ன எல்லாமே உங்களுக்கும் பொருந்தும்.

சோதிக்கிறபோது ‘வணக்கம்’ என்று ஒரு சொல்லைப் போட்டுப் பார்த்துவிட்டு முடித்துவிடாதீர்கள். ஸ்ரீரங்கம், கூழ், ஞாயிற்றுக்கிழமை, தொடர்புகொள்ளுங்கள் மாதிரி மேலும் கீழும் நீளமும் உள்ள சொற்களைப் போடுங்கள். போனின் மொழியைத் தமிழாக்கி, எழுத்தளவைக் கடைசிவரை கூட்டி, ஒவ்வொரு திரையாகப் பாருங்கள். உள்ளீட்டுப் பெட்டிகளையும் விடாதீர்கள்: 35-ஐ டார்கெட் செய்ததிலிருந்தே எடிட்டெக்ஸ்ட் பயனரின் மொழிக்கேற்ற உயரத்தை முன்கூட்டியே ஒதுக்கிக்கொள்கிறது, அதனால் தமிழ் பயனருக்கு உங்கள் லாகின் பக்கம் நீங்கள் வரைந்ததைவிடக் கொஞ்சம் உயரமாக இருக்கும். ஆங்கிலக் குறிப்பு இருந்த பெட்டியில் தமிழில் தட்டியதும் பெட்டி துள்ளுவது இதனால் நின்றுபோகும்.

இதோடு சேர்த்துச் செய்ய வேண்டிய இன்னொன்று, இது 16-க்கான விதி இல்லை, ஆனாலும் தமிழ் பெயர்கள் வருகிற எந்த ஆப்பிலும் பார்த்தே ஆக வேண்டும். பெயரின் முதல் எழுத்தை வட்டத்துக்குள் காட்டுவோமே, அங்கே ஸ்ட்ரிங்கின் முதல் கேரக்டரை எடுத்தால் கீதா என்பவருக்கு ‘க’ என்று வரும். பிரேக் இட்டரேட்டரின் கேரக்டர் இன்ஸ்டன்ஸை வைத்து எல்லையைக் கண்டுபிடித்து எடுங்கள், ‘கீ’ என்று சரியாக வரும். நீளமான வரியை வெட்டி மூன்று புள்ளி வைக்கிற இடத்திலும் இதே முறைதான்.

அப்புறம் எட்ஜ் டு எட்ஜ். 35-ஐ டார்கெட் செய்தாலே ஆண்ட்ராய்டு 15 போனில் ஆப் திரை முழுக்க, ஸ்டேட்டஸ் பாருக்கும் நேவிகேஷன் பாருக்கும் அடியில் வரை பரவும். அப்போது தீமில் ஒரு வரி எழுதி விலக்கு வாங்க முடிந்தது, 36-ல் அந்த விலக்கு ஆண்ட்ராய்டு 16 போன்களில் செல்லாது. ஸ்டேட்டஸ் பார் நிறத்தை அமைக்கிற பழைய வரிகளை நீக்கிவிடுங்கள். எனேபிள் எட்ஜ் டு எட்ஜ் என்ற ஃபங்ஷனை ஆக்டிவிட்டியின் ஆன் கிரியேட்டில் அழையுங்கள், பழைய போன்களிலும் ஒரே மாதிரி நடக்கும். திரையைக் கம்போஸில் (கோட்லினிலேயே திரையை எழுதும் புதிய முறை) எழுதியிருந்தால் ஸ்காஃபோல்டு தருகிற இன்னர் பேடிங்கை உண்மையிலேயே பயன்படுத்துங்கள், வியூ (பழைய முறை) என்றால் விண்டோ இன்செட்ஸ் (சிஸ்டம் பார்கள் போன்றவை பிடிக்கும் இடம்) லிசனர் வைத்து சிஸ்டம் பார், கேமரா நாட்ச் இரண்டுக்கும் பேடிங் கொடுங்கள். பட்டியல் திரைகளில் பேடிங்கைப் பட்டியலுக்கே கொடுத்து கிளிப் டு பேடிங்கை ஆஃப் செய்துவிட்டால் கடைசி வரிசை பாருக்கு அடியில் மாட்டிக்கொள்ளாது. கீபோர்டு திறந்திருக்கும்போது அனுப்பு பட்டன் தெரிகிறதா என்பதையும் பாருங்கள், ஐஎம்இ இன்செட்டை, அதாவது கீபோர்டு பிடிக்கும் இடத்தை, கவனிக்காவிட்டால் அது கீபோர்டுக்குப் பின்னால் போய்விடும்.

பேக் பட்டனில் 36 கொஞ்சம் கறார். டார்கெட்டை உயர்த்தியதும் பிரெடிக்டிவ் பேக் (பேக் போனால் எந்தத் திரை வரும் என்று முன்கூட்டியே காட்டுவது) இயல்பாகவே ஆன், ஆண்ட்ராய்டு 16 போனில் ஆன் பேக் பிரஸ்டு அழைக்கப்படாது, பேக் கீகோடும் வராது. படிவத்தைப் பாதியில் விட்டு வெளியேறும்போது ‘சேமிக்கவா?’ என்று கேட்பதை அந்த ஃபங்ஷனுக்குள் எழுதியிருந்தால், அது கேட்காமலே திரை மூடிவிடும், பயனர் எழுதியது போய்விடும். கோடில் ஆன் பேக் பிரஸ்டு என்று தேடி, ஒவ்வொன்றையும் ஆன் பேக் பிரஸ்டு டிஸ்பேட்சரில் கால்பேக்காக மாற்றுங்கள். கம்போஸில் பேக் ஹேண்ட்லர் போதும். நேரமே இல்லை என்றால் மெனிஃபெஸ்டில் இதற்கான பண்பை ஃபால்ஸ் என்று வைத்துத் தற்காலிகமாகத் தப்பிக்கலாம்.

டேப்லெட் பற்றிச் சுருக்கமாக: குறுகிய பக்கம் 600 டிபி அல்லது அதற்கு மேல் இருக்கிற திரைகளில், போர்ட்ரெய்ட் மட்டும் என்று நீங்கள் பூட்டி வைத்ததை ஆண்ட்ராய்டு 16 மதிக்காது. கேம்களுக்கு விலக்கு உண்டு. ஆகவே திரையைத் திருப்பும்போது டேட்டா வியூமாடலில் (திரை மறுபடி உருவானாலும் தரவைத் தக்கவைக்கும் பகுதி) பத்திரமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

16 கேபி பேஜ் சைஸ் (போன் மெமரியைப் பிரித்துக் கையாளும் துண்டின் அளவு 16 கேபி ஆவது) என்று கேட்டதும் பலர் பயப்படுகிறார்கள். கோட்லினிலோ ஜாவாவிலோ மட்டும் எழுதிய, உள்ளே நேட்டிவ் லைப்ரரி (சி, சி++ போன்றவற்றில் எழுதியது) எதுவும் இல்லாத ஆப் என்றால் நீங்கள் செய்ய ஒன்றும் இல்லை. சிக்கல், எஸ்ஓ கோப்புகள் (அந்த நேட்டிவ் லைப்ரரிகள்) இருந்தால்தான், அவை பெரும்பாலும் நீங்கள் எழுதியவையாகவும் இருக்காது, ஏதோ ஒரு பிடிஎஃப் அல்லது டேட்டாபேஸ் லைப்ரரி கொண்டுவந்ததாக இருக்கும். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவின் ஏபிகே அனலைசரில் ஏபிகேயைத் திறந்து லிப் ஃபோல்டரைப் பாருங்கள், எந்தக் கோப்பு சீரமைக்கப்படவில்லை என்று அங்கேயே சொல்லும். சொந்த சி++ கோடு என்றால் என்டிகே (சி++ கோடை ஆண்ட்ராய்டுக்கு பில்ட் செய்யும் கருவி) ஆர்28-க்கு மாறினால் தானாகவே சரியாக பில்ட் ஆகும், கிரேடில் ப்ளகின் 8.5.1 அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். லைப்ரரி பழையதாக இருந்து அதைப் பராமரிக்க ஆளே இல்லை என்றால் தயங்காமல் மாற்று தேடுங்கள், 2025 நவம்பர் 1 முதல் ஆண்ட்ராய்டு 15-க்கும் மேலும் டார்கெட் செய்கிற ஆப்களுக்குப் ப்ளேயில் இது கட்டாயம். 16 கேபி எமுலேட்டர் இமேஜ் கிடைக்கிறது, பிக்சல் 8 முதல் டெவலப்பர் ஆப்ஷன்ஸிலும் இதற்கு ஒரு சுவிட்ச் உண்டு. பலன் இருக்கிறதா என்றால் இருக்கிறது: மெமரி நெருக்கடியில் ஆப் திறக்கிற நேரம் சராசரியாக 3.16 சதவீதம் குறைந்ததாகக் கூகுளின் தொடக்கச் சோதனைகள் காட்டின.

கட்டாய வேலைகள் இத்தனைதான். இதெல்லாம் முடித்த கையோடு, ஆண்ட்ராய்டு 13-லேயே வந்துவிட்ட ஒரு வசதியைத் தயவுசெய்து சேர்த்துவிடுங்கள்: ஆப்புக்கு மட்டும் தனி மொழி. நம் ஆட்களில் போனை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு ஒரு குறிப்பிட்ட ஆப்பை மட்டும் தமிழில் பார்க்க விரும்புகிறவர்கள் ஏராளம். தமிழ் ஸ்ட்ரிங்குகளை வேல்யூஸ் ஃபோல்டரின் தமிழ் பிரதியில் வையுங்கள், நாட்டுக் குறியீடு சேர்க்காமல் மொழிக் குறியீட்டோடு நிறுத்திக்கொண்டால் இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா எல்லோருக்கும் அதே கோப்பு வரும். கிரேடிலில் ஜெனரேட் லோகேல் கன்ஃபிக்கை ட்ரூ என்று வைத்து (ப்ளகின் 8.1 முதல் உண்டு), ரிசோர்சஸ் ப்ராபர்ட்டீஸ் கோப்பில் உங்கள் இயல்பு மொழி எது என்று ஒரு வரி எழுதினால் போதும், செட்டிங்ஸில் உங்கள் ஆப்பின் பெயருக்குக் கீழே தமிழ் வந்து நிற்கும். ஆப்புக்குள்ளேயே மொழி மாற்றும் பட்டன் வேண்டும் என்றால் ஆப்கம்பாட் 1.6-ல் செட் அப்ளிகேஷன் லோகேல்ஸ் இருக்கிறது, பழைய போன்களுக்கும் வேலை செய்யும். ஆனால் அப்படிப் பட்டன் வைத்தால், ஆப் பண்டிலில் (ப்ளேக்கு ஏற்றும் கோப்பில்) மொழிவாரிப் பிரிப்பை அணைக்க மறக்காதீர்கள். போனின் மொழிக்கான ஸ்ட்ரிங்குகளை மட்டும் ப்ளே இறக்கித் தரும் என்பதால், பயனர் தமிழ் என்று தொட்டும் ஆங்கிலமே தெரியும்.

16-ன் புதிய வசதிகளில் டெலிவரி, டாக்ஸி, ரூட் காட்டுகிற ஆப்களுக்கு ப்ராக்ரஸ் ஸ்டைல் அறிவிப்பு நல்ல பலன் தரும், பயணத்தைப் பகுதிகளாகவும் நிறுத்தங்களாகவும் ஒரே அறிவிப்பில் காட்டலாம். படம் தேர்ந்தெடுக்க இன்னும் கேலரி முழுவதற்கும் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தால் ஃபோட்டோ பிக்கருக்கு மாறுங்கள், அனுமதியே தேவையில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் எதில் எழுதுவது என்று கேட்பீர்கள். ஆண்ட்ராய்டு மட்டும் என்றால் கோட்லினும் ஜெட்பேக் கம்போஸும், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஐபோனுக்கும் வேண்டும் என்றால் ஃப்ளட்டர், ரியாக்ட் நேட்டிவ், கோட்லின் மல்டிபிளாட்ஃபார்ம் மூன்றையும் பார்க்கலாம். ஃப்ளட்டர் எழுத்தைத் தன் சொந்த எஞ்சினால் வரைகிறது என்பதால் டெக்ஸ்ட்வியூ பற்றிச் சொன்னது அங்கே நேரடியாகப் பொருந்தாது, தமிழைத் தனியாகச் சோதிக்க வேண்டும். ரியாக்ட் நேட்டிவ் என்றால் 16 கேபி ஆதரவுக்காக 0.77-க்காவது உயர்த்திவிடுங்கள். கோட்லின் மல்டிபிளாட்ஃபார்ம் 2023 நவம்பரில் நிலையான பதிப்பானது, ஏற்கனவே கோட்லினில் ஆப் வைத்திருப்பவர்கள் லாஜிக்கை மட்டும் பகிர்ந்துகொள்ள அது வசதி.

எல்லாம் முடிந்து டார்கெட்டை 36 ஆக்கியதும் ஒரேயடியாக எல்லோருக்கும் வெளியிடாதீர்கள். ப்ளே கன்சோலில் ஸ்டேஜ்டு ரோல்அவுட் வைத்து முதலில் சிறு சதவீதப் பயனர்களுக்கு மட்டும் அனுப்புங்கள், ஆண்ட்ராய்டு வைட்டல்ஸில் கிராஷ் ஏறுகிறதா என்று பாருங்கள். எழுத்து வெட்டுப்படுவது கிராஷாகப் பதிவாகாது, அதனால் தமிழில் ஆப்பைப் பயன்படுத்துகிற சிலரை இன்டர்னல் டெஸ்டிங்கில் சேர்த்து ஸ்க்ரீன்ஷாட் அனுப்பச் சொல்லுங்கள். ஏதாவது தப்பாகப் போனால் ரோல்அவுட்டை அங்கேயே நிறுத்திவிட்டு, சரிசெய்து, வெர்ஷன் கோடைக் கூட்டி மறுபடி ஏற்றுங்கள்.