கிராமத்துப் பள்ளியில் ஆங்கிலம்: கைவிட வேண்டிய பழக்கங்கள்

வேலூர் மாவட்டத்தில் ஒடுகத்தூர், அணைக்கட்டு ஊர்ப் பக்கம் ஈராசிரியர் பள்ளி எதிலாவது ஆங்கிலப் பாடம் நடந்தால் தெருமுனை வரை கேட்கும்: "சி ஏ டி கேட், சி ஏ டி கேட்!" அதே வகுப்பில் ஒரு பிள்ளையைத் தனியாக எழுப்பி, முதல் எழுத்தை மட்டும் மாற்றி 'எம் ஏ டி' என்று பலகையில் எழுதிப் படிக்கச் சொல்லுங்கள். பேசாமல் நிற்கும்.

நிற்காமல் என்ன செய்யும்? சி, ஏ, டி மூன்றையும் சேர்த்தால் 'சியேடி' என்றுதானே வரும்! நாம் சொல்லிக்கொடுத்தது எழுத்தின் பெயரை. படிக்கத் தேவை அதன் ஒலி. 26 எழுத்துகளுக்கு ஏறத்தாழ 44 ஒலிகள். பெயர்கள் பிறகு வரட்டும்.

ஒலியைச் சொல்லித்தருபவர்களும் 'க', 'ட' என்று அகரத்தை ஒட்டவைத்துவிடுகிறார்கள். நம் பிள்ளைகளுக்குப் புள்ளி வைத்த எழுத்து தெரியுமே! க், ட் என்றாலே பிடித்துக்கொள்வார்கள். மெய்யோடு உயிர் சேரும் கணக்கும் அவர்களுக்குப் பழகியதுதான். ஆனால் ஆங்கில வகுப்பில் தமிழே கூடாது என்று அதையெல்லாம் வாசலோடு நிறுத்திவிடுகிறோம். என்னைக் கேட்டால் இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். தனியார் பள்ளியைப் பார்த்துத் தொற்றிக்கொண்ட வியாதி.

தமிழ் மட்டுமல்ல, பேரணாம்பட்டில் உருது பேசும் வீட்டுப் பிள்ளைக்கு 'ஃபேன்' சரளமாக வரும். பக்கத்துப் பிள்ளை 'பேன்' என்னும். ஆந்திர எல்லையோரம் தெலுங்கு பேசும் பிள்ளைக்கு, 'பென்', 'பெல்' இரண்டின் முதல் ஒலியும் வேறு என்பது காதிலேயே தெரியும். அந்த மொழியில் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து உண்டு, தமிழில் ஒரே 'ப'தான். இந்தப் பிள்ளைகளை முதலில் சொல்லவிட்டு மற்றவர்களைக் கேட்கச் செய்யலாம். அதை விட்டுவிட்டு 'தமிழே சரியா வரல' என்று கடைசி வரிசைக்கு அனுப்புவது அநியாயம்.

பேச ஆரம்பித்த பிள்ளையைப் பாதியில் மறித்துத் திருத்தாதீர்கள். "மிஸ், எஸ்டர்டே ஐ கோ மார்க்கெட்" என்றால், "ஓ, யூ வென்ட் டு த மார்க்கெட்? வாட் டிட் யூ பை?" என்று பேச்சை வளர்த்தால் போதும், திருத்தம் அதிலேயே இருக்கிறது.

2022-இல் தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்த பிறகு, பிள்ளைகளைக் கற்றல் அளவுப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறோம். தொடக்க நிலையான அரும்புப் பிள்ளைகளிடம் நாலு கோட்டு நோட்டைக் கொடுத்து, பலகையைப் பார்த்து எழுதச் சொல்லிவிட்டு அந்தப் பக்கமே திரும்பாமல் இருப்பதும் நடக்கிறது. கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். 'குட்' போடும் முன், எழுதியதில் ஏதாவது ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள்.