தாத்தா வைத்துவிட்டுப் போன துப்பாக்கி: கையில் எடுத்ததும் செய்யக் கூடாதவை

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சிவகிரி பக்கத்துப் பழைய வீடுகளில் அரங்கு வீட்டை, அதாவது சாமான் போட்டு வைக்கிற உள்ளறையை, காலி செய்யும்போது சாக்கில் சுற்றிய இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று கிடைப்பது அபூர்வம் இல்லை. மலையடிவாரத்தில் பன்றிக் காவலுக்கு லைசென்ஸ் எடுத்தவர்கள் இருந்தார்கள், ஜமீன் உறவுக்காரர்கள் இருந்தார்கள், எஸ்டேட் துரைமாரிடம் வாங்கியவர்களும் இருந்தார்கள். கிடைத்ததும் வீட்டில் கேட்பது இரண்டே கேள்வி: எந்த ஊர்ச் சாமான், என்ன விலை போகும்? பதில் பெரும்பாலும் அந்த இரும்பிலேயே பொறித்திருக்கும். அவசரத்தில் நாம் செய்கிற வேலைகள்தான் அதை அழித்துவிடுகின்றன.

முதலில் ஒன்று. உள்ளே வெடிமருந்து இருக்கிறது என்று நினைத்துத்தான் தொட வேண்டும். வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற பழைய துப்பாக்கியில் அந்தக் காலத்தில் கெட்டித்த மருந்தும் ரவையும் அப்படியே கிடக்கலாம், ஐம்பது வருஷம் ஆனாலும் அது வெடிக்கும். பிள்ளைகள் கையில் கொடுத்துப் போட்டோ எடுப்பதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

அடுத்த தவறு, “இது பழம்பொருள், லைசென்ஸ் தேவையில்லை” என்று யாரோ சொன்னதை நம்பி வீட்டிலேயே வைத்துக்கொள்வது. 1959 ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்கு கொடுப்பது உண்மைதான், ஆனால் பழசாக இருந்தால் மட்டும் போதாது, பழுதுபார்த்தாலும் சுட முடியாது என்ற நிலையில் இருக்க வேண்டும். குழல் நன்றாக இருந்து விசை மட்டும் உடைந்திருந்தால் அது இன்னும் துப்பாக்கிதான். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது இரண்டு வருஷம், கூடினால் ஐந்து வருஷம் சிறை. லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால் தாமதிக்காமல் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு, அப்புறம் வாரிசு என்ற முறையில் மனுப் போடுங்கள்: திருநெல்வேலி மாநகர எல்லைக்குள் என்றால் போலீஸ் கமிஷனர், மற்ற இடங்களில் கலெக்டர். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளுக்கு ஆட்சேபணை இல்லை என்ற உறுதிமொழி எல்லாம் கேட்பார்கள். கடையில் ஒப்படைப்பதில் இன்னொரு வசதி, பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஆள் அங்கேயே இருப்பார்.

மதிப்பை அதிகமாகக் கெடுக்கிற தவறு இனிமேல்தான் வருகிறது. துரு பிடித்திருக்கிறதே என்று குத்துவிளக்கு விளக்குகிற மாதிரி புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பார்கள், இல்லையென்றால் பட்டறையில் கொடுத்து எமரி தாளால் பளபளப்பாக்கி நிக்கல் முலாம் பூசிவிடுவார்கள். பழைய குழல்கள் பல டமாஸ்கஸ் வகை, அதாவது இரும்பையும் எஃகையும் பட்டை பட்டையாக முறுக்கி ஒட்டிச் செய்தவை, மேலே அலையலையாக ஒரு கோலம் தெரியும். தேய்த்தால் அந்தக் கோலம் மங்கும், அதோடு முத்திரைகளும் போகும். ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் குழைத்து வைத்து அப்படியே மாதக்கணக்கில் விட்டுவிடுவதும் தப்பு, அந்த ஈரத்தில் சரியாகப் பொட்டு வைத்த இடத்தில்தான் குழி விழுந்திருக்கும். மெல்லிய எண்ணெயைத் துணியில் தொட்டு ஒரு தடவை துடைத்தால் போதும், வேறெதுவும் செய்யாதீர்கள்.

ஊரைக் கண்டுபிடிப்பதில் நம்மவர்கள் ஏமாறுவது குழலின் மேலே இருக்கிற பெயரைப் பார்த்து. அங்கே மெட்ராஸ் என்றோ கல்கத்தா என்றோ இருந்தால் அது விற்ற கடையின் பெயராக இருக்கலாம். மெட்ராஸில் பி. ஆர் அண்ட் சன்ஸ், கல்கத்தாவில் ஆர்.பி. ரோடா மாதிரிக் கடைகள் வெளியூரில் செய்ததை வாங்கித் தங்கள் பெயர் பொறித்து விற்றன. புகழ்பெற்ற பெயரென்றால் இன்னும் கவனம் வேண்டும். ‘வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ்’ பர்மிங்ஹாமின் பெரிய கம்பெனி, ஆனால் வெறும் ‘டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்’ என்று போட்டு பெல்ஜியத்தில் செய்த மலிவுச் சரக்கும் நிறைய வந்தது.

உண்மையான அடையாளம் அடியில் இருக்கிறது. முன்கட்டையைக் கழற்றிக் குழலைப் பிரித்துத் திருப்பினால் தட்டையான பாகத்தில், குழல் அழுத்தம் தாங்குகிறதா என்று சோதித்துக் குத்திய சின்னச் சின்ன முத்திரைகள் தெரியும், வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்து லென்ஸ் வைத்துப் பாருங்கள். முட்டை வடிவத்துக்குள் ஈ, எல், ஜி எழுத்துகளும் நட்சத்திரமும் இருந்தால் பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்தில் சோதித்தது, அதன்மேல் கிரீடமும் இருந்தால் 1893-க்குப் பிந்தியது. கிரீடத்தின் கீழ் பி.பி., பி.வி. என்றிருந்தால் 1904-க்குப் பிந்திய பர்மிங்ஹாம். ‘நாட் ஃபார் பால்’ (ஒற்றைக் குண்டு போடக் கூடாது) என்றிருந்தால் 1875க்கும் 1887க்கும் இடைப்பட்ட இங்கிலாந்துக் குழல். நான்கு இலக்க எண்ணைப் பார்த்ததும் வருஷம் என்று முடிவு கட்டாதீர்கள், 1896 என்பது வரிசை எண்ணாகவும் இருக்கலாம்.

இதைச் சொன்னால் சில வீடுகளில் கோபம் வரும், ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது: தோட்டா போட்டு மடக்குகிற துப்பாக்கி கட்டபொம்மன் காலத்தது ஆக முடியாது. கயத்தாற்றில் அவரைத் தூக்கிலிட்டது 1799-இல், அந்த மாதிரித் துப்பாக்கி பரவியது 19ஆம் நூற்றாண்டின் நடுவில்தான். பாளையப் போர் முடிந்ததும் நம் சீமையில் கும்பினி, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி, ஆயுதங்களைப் பறித்தும் விட்டது. குடும்பக் கதையை எழுதி வையுங்கள், விலை பேசும்போது முத்திரையைக் காட்டுங்கள்.

“சுடுகிறதா பார்ப்போம்” என்று கடைத் தோட்டாவைப் போடுவது உயிருக்கே ஆபத்து. டமாஸ்கஸ் குழல்கள் பெரும்பாலும் கரிமருந்துக்காகச் செய்தவை, இன்றைய புகையில்லா மருந்தின் அழுத்தம் அதற்கு ஒத்துவராது. தோட்டா அறையும் பல பழைய துப்பாக்கிகளில் 65 மில்லிமீட்டர்தான், இன்றைய தோட்டா 70. உள்ளே நுழைந்துவிடும், வெடிக்கும்போதுதான் தோட்டாவின் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும், குழல் கிழிந்தால் போவது இடது கை விரல்கள்.

விலைக்கு லண்டன் ஏலத் தொகையை ரூபாயாக்கிக் கனவு காண்பதும் வேண்டாம். இங்கே லைசென்ஸ் உள்ளவருக்குத்தான் விற்க முடியும், ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைக்க முடியாது, அதனால் வாங்குகிற கூட்டமே சிறிது. நூறு வருஷம் தாண்டிய வரலாற்று மதிப்புள்ள சாமானை வெளிநாட்டுக்கு அனுப்ப 1972 தொல்பொருள் சட்டம் தனியாரை விடாது. குழலின் உட்புறம் குழி விழாமல் இருக்கிறதா, இரண்டு குழலும் கட்டையும் ஒரே எண்ணா, கட்டை மாற்றியதா, இவைதான் விலையைத் தீர்மானிக்கும். எண்ணோடு படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் விலை கேட்காதீர்கள்.

கடைசியாக, துப்பாக்கியோடு டிரங்குப் பெட்டியில் கிடக்கிற காகிதங்களை எரித்துவிடாதீர்கள். தாத்தாவின் லைசென்ஸ் புத்தகத்தில் ‘டிபிபிஎல்’ (பின்பக்கம் தோட்டா போடுகிற இரட்டைக்குழல்) என்று எழுதி எண், புதுப்பித்த தேதி எல்லாம் இருக்கும், தேர்தல் நேரத்தில் ஸ்டேஷனில் ஒப்படைத்த ரசீது செருகியிருக்கும், சில சமயம் வாங்கிய கடையின் பில்லே இருக்கும். வாரிசு மனுவுக்கும் அந்த எண்தான் வேண்டும், வாங்க வருகிறவரும் முதலில் கேட்பது அதைத்தான்.